பூப்போட்ட கட்டு

ஜனவரி 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் சுகம். முதுகு மட்டும் நாற்காலியின் வடிவத்துக்கு மாறிக்கொண்டிருக்கிறது. உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? போன கடிதத்தில் "எல்லாம் பழையபடி" என்று ஒரே வரியில் தப்பித்துவிட்டீர்கள். அந்த ஜம்பமெல்லாம் என்னிடம் வேண்டாம். இரத்த அழுத்தம், தூக்கம், பசி எல்லாவற்றையும் தனித்தனியாக எழுதுங்கள்.

இந்த மாதக் கடைசியில் வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், முடியாது போலிருக்கிறது. மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு முதியோர் மருத்துவம் முழுவதையும் இணைய வழியில் நடத்தச் சொல்லி என் தலையில் கட்டிவிட்டார்கள். மாணவர்கள் ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள். பாடத்தைப் பதிவுசெய்து போட்டுவிடலாம். ஆனால் வயதானவர்களிடம் பேசப் பழகுவதற்கு ஆள் வேண்டுமே. நிஜ நோயாளிகளைக் கேமராவுக்கு முன்னால் உட்கார வைக்க அனுமதி கிடைக்காது. அதனால் நோயாளியாக நடிப்பதற்கு ஆட்களைச் சேர்க்கிறோம். "நடிப்பு நோயாளி" என்று பெயர். உங்கள் ஞாபகம்தான் வந்தது.

ஒரு தாள் அனுப்பியிருக்கிறேன். அதில் ஒரு பெரியவர் இருக்கிறார். மனைவி இல்லை, பிள்ளைகள் இல்லை, காது மந்தம். வீட்டில் இரண்டு முறை விழுந்திருக்கிறார், யாரிடமும் சொல்லவில்லை. மாணவர்கள் பக்குவமாகப் பேசி அதை வெளியே கொண்டுவர வேண்டும். அவர்கள் கேள்வியைத் தட்டச்சு செய்வார்கள், உங்கள் திரையில் எழுத்தாக வரும். நீங்கள் வாயால் பதில் சொன்னால் போதும். இன்னொன்று. நடிக்கும்போது உங்களுக்கு உண்மையிலேயே உடம்பு சரியில்லை என்றால் பக்கத்தில் ஒரு சிவப்புத் துணி வைத்திருந்து அதைக் காட்ட வேண்டும். உடனே வகுப்பை நிறுத்திவிடுவோம். இது கண்டிப்பான விதி.

மடிக்கணினியும் தனியாக வருகிறது. மறுக்காதீர்கள் அண்ணா. எப்படியும் வீட்டில் சும்மாதானே இருக்கிறீர்கள்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
பாப்பா


ஜனவரி 27

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ கேட்டபடி தனித்தனியாக எழுதுகிறேன். இரத்த அழுத்தம் இருக்கிறது. தூக்கம் வருகிறது, போகிறது. பசி சொன்னபடி கேட்கிறது. போதுமா டாக்டரம்மா? நீ முதலில் முதுகை நிமிர்த்தி உட்கார்.

மடிக்கணினி வந்தது. கீழ் வீட்டுத் தையல்காரர்தான் பிரித்து, மாட்டி, ஓடவிட்டுக் கொடுத்தார். "இவ்ளோ நாளா ரயில் எஞ்சினையே ஓட்டிருக்கீங்க, இதென்ன பெருசு?" என்று ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினார். எஞ்சினுக்குப் பிரேக் உண்டு, இதற்கு எங்கே இருக்கிறது என்று கேட்டேன். ஆள் சிரித்தார்.

உன் தாளைப் படித்தேன். அந்தப் பெரியவருக்கு என்னைவிட இரண்டு வயது கூட. ஆள் அமுக்குணி மாதிரி தெரிகிறது. செய்கிறேன். வேஷம் கட்டுவது நமக்கென்ன புதிதா, சிரித்த முகத்தோடு மேலதிகாரிகளுக்கு வணக்கம் சொல்லியே காலம் தள்ளியவன்தானே.

கணினியில் தட்டி அனுப்பாமல் ஏன் தாளில் எழுதுகிறேன் என்று கேட்பாய். தட்டி அனுப்பினால் நீ இரண்டு வார்த்தையில் பதில் போடுவாய். தாளை எடுத்தால் அது நிரம்பும் வரைக்குமாவது எழுதியாக வேண்டும். அந்த வாய்ப்பை நான் ஏன் விட வேண்டும்?

மடிக்கணினியால் ஒரு லாபம் உண்டு. நீ பதிவுசெய்து போட்டிருக்கும் பாடங்களையெல்லாம் பார்க்கிறேன். அடியில் எழுத்து ஓடுகிறதே, அதனால் நீ சொல்வது முழுக்கப் புரிகிறது. தொலைபேசியில் உன் குரல் எனக்குத் தகரத்தின் மேல் மழை பெய்கிற மாதிரிதான். இதில் உன் முகமும் தெரிகிறது, பேச்சும் தெரிகிறது. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். கொஞ்சம் இளைத்திருக்கிறாய்.

ஒரு பாடத்தில், திரும்பத் திரும்ப விழுகிறவரைத் தனியாக வீட்டில் இருக்க விடக்கூடாது என்று மேசையைத் தட்டிச் சொல்கிறாய். அவ்வளவு கறாராகச் சொல்ல வேண்டுமா? அந்த மனிதருக்கு அவர் வீடு பிடித்திருந்தால்?

கட்டிலைக் கூடத்துக்கு மாற்றிவிட்டேன். உள்ளறையில் காற்று இல்லை. இங்கே குளியலறையும் கிட்டத்தில் இருக்கிறது.

எப்போது வருகிறாய்?

உன் அண்ணன்


பிப்ரவரி 15

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லாம் நலமாகவே நடக்கிறது, நீங்கள் நன்றாக இருப்பதை வகுப்புப் பதிவுகளில் பார்த்துக்கொண்டேன். உங்களைக் கொண்டாடுகிறார்கள் அண்ணா! மற்ற நடிப்பு நோயாளிகள் எல்லாம் தாளை ஒப்பிக்கிறார்கள், நீங்கள் மட்டும் கேள்வியை வாங்கிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருக்கிறீர்களாம். அந்த மௌனத்தில் மாணவர்கள் தவித்துப்போகிறார்களாம். நல்ல பயிற்சி.

என் பாடத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கறாராகத்தான் சொல்ல வேண்டும். முதல் முறை விழுந்தால் காரணம் தேடலாம். இரண்டாவது முறை வீட்டை மாற்றியமைக்கலாம். மூன்றாவது முறையும் விழுந்தவரைத் தனியாக விட்டுவைப்பது வைத்தியம் இல்லை, அலட்சியம். வீடு பிடித்திருக்கிறது என்று எல்லோரும்தான் சொல்வார்கள். இடுப்பு எலும்பு முறிந்த பிறகு வீடு பிடித்தென்ன, பிடிக்காமலென்ன? நல்ல முதியோர் இல்லங்கள் இருக்கின்றன. நானே ஆண்டுதோறும் எத்தனை பேரைச் சேர்த்துவிடுகிறேன். முதலில் முரண்டுபிடிப்பார்கள். பிறகு சரியாகிவிடும்.

மார்ச்சில் இந்த வகுப்புகள் முடிந்துவிடும். முடிந்த மறுநாளே வண்டி ஏறுகிறேன், சரிதானே? வெந்நீர் குடியுங்கள்.

அவசரமாக எழுதும்,
பாப்பா


மார்ச் 4

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கடிதம் வந்தது. சௌக்கியமாக இருப்பதாக எழுதியிருக்கிறாய், நானும் அப்படியே எழுதிவிடுகிறேன்.

உன் மாணவர்களில் பெரும்பாலானவர்கள் நல்ல பிள்ளைகள். "வலி எந்த இடத்தில்? எத்தனை நாளாக?" என்று கேட்டு, பதிலை எழுதிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டு ஓடிவிடுவார்கள். ஒருத்தி மட்டும் வேறு மாதிரி. அவளுக்கு முந்திரிக்கொட்டை என்று பெயர் வைத்திருக்கிறேன். நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த கேள்வி திரையில் வந்து நிற்கும். அதுவும் தாளில் இல்லாத கேள்வி.

"நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

"சாப்பாடுதான்."

"யார் சமைச்சா?"

"நான்தான்."

"நின்னுக்கிட்டா, உக்காந்துக்கிட்டா?"

இதையெல்லாம் யாராவது கேட்பார்களா? உட்கார்ந்துகொண்டுதான் என்றேன். ஏன் என்றாள். இப்படியே நோண்டி நோண்டி, நான் விழுந்த கதைக்கு வந்துவிட்டாள். தாளில் நீ "இரண்டு முறை விழுந்தார்" என்று மொட்டையாகப் போட்டிருந்தாய். அதை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் ஓட்ட முடியும்? கொஞ்சம் நானாகச் சேர்த்துக்கொண்டேன்.

குளியலறை வாசலில் விழுந்ததாகச் சொன்னேன். ஈரம் இல்லை, எதுவும் தடுக்கவில்லை. கால் இருந்த இடத்தில் கால் இல்லை, அவ்வளவுதான். பிடித்துக்கொண்டு எழலாம் என்றால் வெறும் சுவரில் எதைப் பிடிப்பது? "கத்தினீங்களா?" என்று கேட்டாள். கத்தினேன், ஆனால் சத்தம் வந்ததா வரவில்லையா என்று எனக்கே தெரியாது, எனக்குத்தான் காது கேட்காதே என்றேன். கட்டிலுக்கு அடியில் எவ்வளவு தூசி சேர்ந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே கிடந்ததாகச் சொன்னேன். தைத்த சட்டையைக் கொடுப்பதற்காகத் தையல்காரர் மேலே வந்தார், அவர்தான் தூக்கி உட்கார வைத்தார் என்று முடித்தேன்.

பிறகு "உங்க செவப்புத் துணி எங்க இருக்கு?" என்று வந்தது. துவைக்கப் போட்டிருக்கிறேன் என்றேன்.

எப்படி, பொருத்தமாகச் சேர்த்திருக்கிறேனா? சரியில்லை என்றால் சொல், நிறுத்திக்கொள்கிறேன்.

மார்ச் கடைசியில் வருகிறாய் அல்லவா? எந்த வண்டி என்று முன்கூட்டியே எழுது.

உன் அண்ணன்


மார்ச் 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். எனக்குத் தொண்டை மட்டும் கட்டியிருக்கிறது.

அந்தப் பதிவைப் பார்த்தேன். கண் கலங்கிவிட்டது அண்ணா. எங்கிருந்து பிடித்தீர்கள் இதையெல்லாம்? கத்தினேன், சத்தம் வந்ததா என்று எனக்கே தெரியாது என்று சொன்னீர்களே, எத்தனையோ நோயாளிகளைப் பார்த்திருக்கிறேன், ஒருவர்கூட இப்படிச் சொன்னதில்லை. "கால் இருந்த இடத்தில் கால் இல்லை" என்பதை எழுதி வைத்து எல்லா மாணவர்களுக்கும் காட்டினேன். மாதிரிப் பதிவாக வைத்துக்கொள்ளப் போகிறோம். நீங்கள் எஞ்சின் ஓட்டப் போகாமல் நாடகத்துக்குப் போயிருந்தால் இந்நேரம் எங்கேயோ இருந்திருப்பீர்கள்.

இதற்கு மேல் எழுதக் கூச்சமாக இருக்கிறது. இதே மாணவர்களுக்கு அடுத்த பகுதியையும் உடனே தொடங்கச் சொல்லிவிட்டார்கள். மார்ச்சில் வர முடியாது. வகுப்பை விட்டுவிட்டு எப்படி வருவது?

இங்கே ஒன்றும் பெரிதாக இல்லை. உங்களோடு பேசும்போது முகம் காட்டும் மாணவர்கள், என் பாடம் என்றால் எல்லோரும் கேமராவை அணைத்துவிடுகிறார்கள். நாள் முழுக்கக் கறுப்புக் கட்டங்களைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறேன். ஒரு வேடிக்கை சொன்னால் சிரிக்கிறார்களா, எழுந்து போய்விட்டார்களா என்று தெரியாது. வகுப்பு முடிந்து பொத்தானை அழுத்தினால் அறையில் சத்தமே இருக்காது. சில நாள் அதற்குப் பிறகு வீட்டுக்குப் போகக்கூடத் தோன்றுவதில்லை. அங்கே மட்டும் யார் இருக்கிறார்கள்?

இதை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பாப்பா


மே 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடிதமே இல்லையே, கோபமா? மார்ச்சில் வராததற்கு என்னை நாலு வார்த்தை திட்டியாவது எழுதியிருக்கலாம். தபாலைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துவிட்டது. வகுப்புப் பதிவுகளில் உங்களைப் பார்க்கிறேன் என்பதால் கவலைப்படாமல் இருந்தேன்.

சென்ற வாரப் பதிவு அசத்தல்! வலது கையில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தீர்களே, இந்த யோசனையை யார் கொடுத்தார்கள்? மூன்றாவது முறை விழுந்ததாகக் கதையை நகர்த்தியிருக்கிறீர்கள், நான் கேட்காமலே. ஒரே ஒரு குறை. பூப்போட்ட துணியில் யாராவது கட்டுப் போடுவார்களா? அதுவும் ஜாக்கெட் துணி மாதிரி இருக்கிறது. மருத்துவமனைக் கட்டு வெள்ளையாக, கழுத்திலிருந்து தொங்குகிற மாதிரி இருக்கும். துணியைப் பார்த்ததுமே வேஷம் என்று தெரிந்துவிடுகிறது. ஒரு கட்டுத்துணிச் சுருள் அனுப்புகிறேன், அடுத்த முறை அதைப் பயன்படுத்துங்கள்.

உங்கள் முந்திரிக்கொட்டைதான் கோட்டைவிட்டாள். மாணவர்கள் ஒவ்வொரு சந்திப்புக்கும் ஓர் அறிக்கை எழுத வேண்டும். அவள் பரிசோதனை, சிகிச்சைத் திட்டம் எதையும் எழுதவில்லை. "இவர் நடிக்கவில்லை, யாராவது உடனே நேரில் போய்ப் பார்க்க வேண்டும்" என்று எழுதிவிட்டாள். நடிப்பவருக்கும் நோயாளிக்கும் வித்தியாசம் தெரியாதவள் நாளைக்கு நோயாளிக்கும் நோய்க்கும் வித்தியாசம் எப்படிக் கண்டுபிடிப்பாள்? தேறவில்லை என்று போட்டுவிட்டேன். அவ்வளவு நன்றாக ஏமாற்றியிருக்கிறீர்கள், பாவம்!

மாத்திரைகள் தீர்ந்திருக்கும், வாங்கிவிட்டீர்களா?

பாப்பா


மே 19

அன்புள்ள பாப்பாவுக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருக்கும். பேனா சரியில்லை. நான் நன்றாக இருக்கிறேன். நீ தொண்டைக்கு வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளி.

கோபமெல்லாம் இல்லை. எழுத உட்கார முடியவில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பெண் தேறவில்லை என்று எழுதியிருக்கிறாய். மார்க்குப் போடு பாப்பா. நல்ல பெண். கேள்வி கேட்கும்போது நம்மைப் பார்க்கிறாள். மற்றவர்கள் எல்லாம் தங்கள் காகிதத்தைப் பார்க்கிறார்கள். சின்ன வயது, ஏதோ அவசரப்பட்டு எழுதிவிட்டாள் என்று வைத்துக்கொள்ளேன். எனக்காகப் போடு. நான் உன்னிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை.

கட்டுத்துணி வந்தது. நன்றி.

உன் அண்ணன்


ஜூன் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் இவ்வளவு சின்னதாக வந்ததே இல்லை. பேனாவை மாற்றுங்கள், படிக்கவே சிரமமாக இருந்தது.

மார்க்கு விஷயத்தில் மன்னித்துவிடுங்கள். அண்ணன் சொன்னார் என்று மார்க்குப் போட்டால் நான் என்ன வாத்தியார்? விதி எல்லோருக்கும் ஒன்றுதான். அவள் இந்தப் பாடத்தை அடுத்த ஆண்டு மறுபடி படிக்க வேண்டும். படிப்பு ஓராண்டு தள்ளிப்போகும். கூப்பிட்டுப் பேசினேன். கேமராவைப் போட்டுக்கொண்டுதான் வந்தாள்.

"மேடம், அவர் விரல்லாம் வீங்கியிருந்துச்சு. டம்ளர இடது கையால எடுத்தார், எடுத்துட்டு எங்க வெக்கறதுன்னு தெரியாம முழிச்சார். பூப்போட்ட துணில கட்டிருக்காருன்னா ஆஸ்பத்திரிக்கே போகலன்னுதானே அர்த்தம்?" என்றாள்.

"அவர் என் அண்ணன்மா. எனக்குத் தெரியாதா?" என்றேன்.

அழுதுவிட்டாள். அப்போதும் "நீங்க ஒரு தடவ நேர்ல பாத்துட்டு வாங்க மேடம், அப்புறம் ஃபெயில் போடுங்க" என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. திமிர் என்று நினைத்தேன். இதை எழுதும்போதும் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கிறது, ஏன் என்று தெரியவில்லை.

நீங்கள் நன்றாகத்தானே இருக்கிறீர்கள் அண்ணா?

பாப்பா


ஜூன் 10

பாப்பா,

அவள் எழுதியது சரி. மார்க்குப் போடு.

இதை இடது கையால் எழுதுகிறேன். போன கடிதத்தையும் இடது கையால்தான் எழுதினேன். பேனாமேல் எந்தத் தப்பும் இல்லை. ஏப்ரலில் விழுந்தேன், வலது கையை ஊன்றிக்கொண்டு. தையல்காரர் "ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்று எழுதி எழுதிக் காட்டினார். போனால் யார் இருக்கிறார்கள், யாருக்குத் தகவல் சொல்ல என்று கேட்பார்கள். உன் பெயரைச் சொல்ல வேண்டியிருக்கும். வேண்டாம் என்றேன். அவர் கடையில் கையில் கிடைத்த துணியைக் கிழித்துக் கட்டிவிட்டார். ஜாக்கெட் துணிதான். சரியாகத்தான் கண்டுபிடித்தாய்.

அதற்கு முன்னால் இரண்டு முறை விழுந்ததும் நிஜம். நான் எதையும் சேர்க்கவில்லை. எனக்கு நடிக்க வராது பாப்பா. உனக்குத் தெரியாதா அது? நேருக்கு நேராகச் சொல்ல வாய் வரவில்லை. வேஷம் என்று ஒன்றைக் கொடுத்தாய், அதற்குப் பின்னால் நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நீ பார்ப்பாய் என்று தெரியும். பார்த்தால் கண்டுபிடித்துவிடுவாயோ என்று பயமாக இருந்தது. கைதட்டி எழுதியிருந்தாய். அதைப் படித்த அன்று சாப்பிடவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். மூன்றாவது முறை விழுந்தவரைத் தனியாக விடுவது அலட்சியம் என்று நீதான் மேசையைத் தட்டினாய். முரண்டுபிடிப்பார்கள், பிறகு சரியாகிவிடும் என்று நீதான் எழுதினாய். எனக்குச் சரியாக வேண்டாம். உன் அண்ணி இருந்த வீடு இது. இருட்டில்கூட எது எங்கே என்று எனக்குத் தெரியும். வரிசையாகக் கட்டில் போட்ட இடத்தில் என்னோடு பேசத் தெரியாத நூறு கிழவர்களுக்கு நடுவில், எதுவும் காதில் விழாமல் உட்கார்ந்திருக்க என்னால் முடியாது. என்னை அங்கே கொண்டுபோய் விட்டுவிடாதே. இதுதான் எனக்குப் பயம், வேறு எதற்கும் நான் பயப்படவில்லை.

அந்தப் பெண்ணின் ஒரு வருஷத்தைத் தின்றுவிட்டு இந்த வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாது என்பதால்தான் எழுதுகிறேன். இல்லாவிட்டால் எழுதியிருக்கவே மாட்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபம் வந்தால் வரட்டும். வகுப்பு, வகுப்பு என்று ஜனவரியிலிருந்து எழுதுகிறாய். உன் வகுப்பு எங்கே நடக்கிறது? ஒரு திரையில்தானே? அந்த அறையிலிருந்து பேசினாலும் என் கூடத்திலிருந்து பேசினாலும் கறுப்புக் கட்டங்களுக்கு என்ன வித்தியாசம் தெரியும்? இதை ஜனவரியிலேயே எழுத நினைத்தேன். கெஞ்சுகிற மாதிரி இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அண்ணன்


ஜூன் 14

அண்ணா,

தபாலில் போட்டால் இது எனக்குப் பின்னால்தான் வந்து சேரும். படம் பிடித்து உங்கள் மடிக்கணினிக்கு அனுப்புகிறேன். காலையில் பாடம் பார்ப்பீர்களே, அப்போது கண்ணில் படும்.

அவளுக்கு மார்க்குப் போட்டாயிற்று. முழுசாக. கூப்பிட்டு மன்னிப்பும் கேட்டேன். "அவர் எப்படி இருக்கார் மேடம்?" என்று மட்டும் கேட்டாள். தெரியாது என்றேன். உங்களைப் பற்றி நான் இத்தனை மாதங்களில் சொன்ன முதல் உண்மை அதுதான்.

உங்கள் பதிவுகள் எல்லாவற்றையும் நேற்று மறுபடி பார்த்தேன். திருத்த வேண்டிய பதிவுகள் நிறைய என்று முன்பு இரட்டை வேகத்தில் ஓடவிட்டுத்தான் பார்த்தேன். நீங்கள் சும்மா இருக்கும் நேரங்கள் அதில் கண் இமைப்பதற்குள் போய்விடும். நேற்று உங்கள் வேகத்திலேயே பார்த்தேன். வெட்கமாக இருக்கிறது. வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

துறைத் தலைவரிடம் கேட்டேன். "நீங்க எங்கேருந்து பேசினா என்ன மேடம், இணைப்பு இருந்தாச் சரி" என்று அரை நிமிஷத்தில் சொல்லிவிட்டார். இத்தனை நாளாக நான் கேட்கவே இல்லை. எனக்கே அது தோன்றவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? தோன்றியிருந்தாலும் கேட்டிருப்பேனா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். வேலை இருக்கிறது என்று சொல்லிப் பழகிவிட்டது. வேறு யாரும் என்னை எதிர்பார்ப்பதும் இல்லை.

உங்களை எங்கேயும் அனுப்ப மாட்டேன் என்று இப்போதே வாக்குக் கொடுக்க எனக்குத் தைரியம் இல்லை. பொய்யாகிவிடக் கூடாது. உங்களைக் கேட்காமல் எதுவும் செய்ய மாட்டேன், அதை மட்டும் நம்புங்கள்.

நாளை மாலை வந்துவிடுவேன். வாசல் கதவைத் தாழ் போடாதீர்கள், மணி அடித்தால் உங்களுக்குக் கேட்காது. எழுந்து வந்து திறக்கவும் வேண்டாம். இருக்கிற இடத்திலேயே இருங்கள், நான் உள்ளே வருகிறேன்.

பாப்பா


ஜூலை 9

பாப்பாவுக்கு,

நலம் விசாரிக்க ஒன்றும் இல்லை, காலையில்தான் சேர்ந்து தேநீர் குடித்தோம். இந்தக் கடிதத்துக்குத் தபால்தலையும் இல்லை. கதவுக்கு அடியில் தள்ளுகிறேன். குனியவில்லை, நீ திட்டுவாய். கைத்தடியால்தான் தள்ளுகிறேன்.

நீ உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு வகுப்பு எடுக்கிறாய். நியாயம்தான். நான் பேசினால் தெருவுக்கே கேட்கும், உன் மாணவர்கள் பயந்துவிடுவார்கள். கூடத்தில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தேன். நீ தெரிகிறாய். உனக்குப் பின்னால் என் ஜன்னல் தெரிகிறது. என் வீட்டுச் சுவர், நீ பிடிப்புக் கம்பி அடிக்கச் சொன்னபோது ஆள் தப்பாகப் போட்ட ஓட்டை, எல்லாம் தெரிகிறது. எழுத்து மட்டும் கொஞ்சம் தாமதமாக ஓடுகிறது. நீ வாயை மூடின பிறகுதான் நீ பேசியது வருகிறது. முன்பெல்லாம் இது எனக்குப் போதுமானதாக இருந்தது. எவ்வளவோ தூரத்தில் இருக்கிறவளைப் பார்க்கிறோம் என்று நிம்மதியாகப் பார்ப்பேன். இன்றைக்கு ஏனோ பாதியில் அணைத்துவிட்டேன்.

நீ வந்ததிலிருந்து நன்றாகப் பார்த்துக்கொள்கிறாய், குறை சொல்லவில்லை. கை கோணலாகவே கூடிவிட்டது என்று டாக்டர் சொன்னபோது வெளியே போய் அழுதுவிட்டு வந்தாய், கவனித்தேன். வகுப்பு, பிறகு விடைத்தாள், பிறகு என் மாத்திரை, பிறகு தூக்கம். ஒரு நாள் போல எல்லா நாளும் ஓடுகிறது. இரண்டு பேரும் தனியாகவே இருந்து பழகிவிட்டோம், பக்கத்தில் உட்காரத் தெரியவில்லை.

பருவம் முடிகிற வரை இங்கே இருப்பாய் என்று தெரியும். அதற்குப் பிறகு என்ன என்று நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. போன மாதம் இந்த வீட்டுக்காக உன்னிடம் சண்டை போட்டேன். இப்போது எங்கே இருப்பது என்பது எனக்கு அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை. உன் ஊருக்கு வா என்றால்கூட யோசிப்பேன். சாத்தின கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பதுதான் ஆகவில்லை.

கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பாடம் நடத்து. நான் ஓரமாக உட்கார்ந்துகொள்கிறேன். பேச மாட்டேன். நீ என்ன சொல்கிறாய் என்று தெரியாது, பரவாயில்லை. பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அண்ணன்